மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் பாதுகாப்புப் பணி: தொண்டர் குழுக்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு மாசி மகத்தன்று காலை ஏழு மணி இருக்கும். அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்த கல்லூரிப் பையன் ஒருவன் எவர்சில்வர் டப்பா ஒன்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கண்ட்ரோல் பந்தலுக்குள் நுழைந்தான். மூடியைச் சுற்றிப் பிரவுன் டேப். "அண்ணே, ரொம்ப நேரமா யாரும் எடுக்கல" என்று என் மேசைமேல் வைத்தான். மேசைக்கு அந்தப் பக்கம் மைக் செட், இந்தப் பக்கம் முதலுதவி நர்ஸ், பின்னால் ஒரு எஸ்.ஐ. திறந்து பார்த்தால் எள்ளு, பச்சரிசி, தர்ப்பைப் புல். யாரோ திதி கொடுக்கக் கொண்டுவந்தது.

அப்போது சிரித்துவிட்டோம். ராத்திரி வீட்டுக்குப் போனபிறகுதான் உறைத்தது. சந்தேகப்பட்ட பொருளை அவன் அத்தனை ஜனத்துக்கு நடுவே தூக்கிவந்து, எங்களுக்கு இருந்த ஒரே மைக், ஒரே நர்ஸ், ஒரே போலீஸ் அதிகாரி மூன்றுக்கும் மத்தியில் வைத்திருக்கிறான். தப்பு அவனுடையது இல்லை. தொடாதே என்று நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எழுதிவைத்த குறிப்புகளைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். கடலூர் தேவனாம்பட்டினத்தை வைத்து எழுதியது. புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் தீர்த்தவாரிக்கு நிற்கிறவர்கள், கடற்கரைச் சாலையில் புத்தாண்டு இரவுக்கு நிற்கிறவர்கள் இடப்பெயரை மாற்றிக்கொண்டால் போதும்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். புதிய குழு எதுவானாலும் பையைச் சோதிப்பதில்தான் தொடங்குகிறது. வெளியேறும் வழியில் தொடங்குங்கள். 2005 ஆகஸ்டில் பாக்தாதில் ஆற்றுப் பாலம் ஒன்றின்மேல் யாத்திரைக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. தற்கொலைப்படைக்காரன் உள்ளே இருக்கிறான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பாலத்தில் குண்டு எதுவும் வெடிக்கவில்லை. நெரிசலிலும் ஆற்றில் விழுந்தும் ஏறக்குறைய ஆயிரம் பேர் செத்தார்கள். வழி அடைபட்ட இடத்தில் வதந்தியே குண்டு.

1. முதலில் எல்லையைப் பேசி முடியுங்கள்

பந்தோபஸ்து போலீஸ் வேலை. சோதனை போடுவது, பிடிப்பது, பொருளைத் திறப்பது எதுவும் நம்முடையது அல்ல. தொண்டனுக்கு மூன்றே வேலை: பார்ப்பது, சொல்வது, வழிவிட வைப்பது. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஆர்ம்பேண்டு கட்டியதும் சில பேருக்கு மிடுக்கு வந்துவிடும், அப்புறம் சொன்னால் காதில் ஏறாது.

ஒரு மாதம் முன்பே தேவைப்படுபவை: முப்பது நாற்பது பேர், தூரத்திலிருந்து தெரிகிற ஒரே நிறச் சட்டை, டார்ச், விசில், அளவு நாடா, சவுக்குக் கட்டை, கயிறு, பேட்டரியில் ஓடும் கை மைக் இரண்டு. ஜெனரேட்டர் நின்றால் பெரிய மைக் ஊமையாகிவிடும், அதற்காகத்தான் கை மைக்.

அடையாள அட்டையின் பின்பக்கம் நான்கு எண்கள்: அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, அன்றைய பொறுப்பு எஸ்.ஐ.யின் கைபேசி. போனில்தான் இருக்கிறதே என்பார்கள். பதற்றத்தில் விரல் நடுங்கும்போது போனில் தேட முடியாது.

2. நடந்து பார்த்து வரைபடம் போடுங்கள்

கூகுள் படத்தை அச்சடித்து ஒட்டுவது வரைபடம் ஆகாது. விழா எந்த நேரத்தில் உச்சத்தில் இருக்குமோ அதே காலை நேரத்தில் மஞ்சக்குப்பத்திலிருந்து கடற்கரை வரை நடந்து பாருங்கள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, ஜனம் எந்த நிழலில் ஒதுங்கும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

சாலை மிகக் குறுகுகிற இடத்தை நாடா பிடித்து அளந்து எழுதுங்கள். கடை போட்டபிறகு மிஞ்சப்போகிற அகலத்தைத்தான் எழுத வேண்டும். இங்கே எல்லாரும் சறுக்குகிறார்கள். காலிச் சாலையை அளந்துவிட்டுப் போனால், மறுநாள் பொரி கடையும் வளையல் கடையும் ஆளுக்கு ஒன்றரை மீட்டரை விழுங்கியிருக்கும்.

அகலம் தெரிந்தால் கணக்குப் போடலாம். விளையாட்டு அரங்குகளுக்கான பிரிட்டிஷ் வழிகாட்டி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு அதிகபட்சம் 82 பேர் போகலாம் என்கிறது. நான்கு மீட்டர் வழி என்றால் 328 பேர். இருபதாயிரம் பேர் வெளியேற ஒரு மணி நேரம், அதுவும் தார் ரோட்டில். மணலில், ஈரப் புடவையோடு, இடுப்பில் குழந்தையோடு நடக்கிற ஜனத்துக்கு நான் பாதியாகத்தான் கணக்கிடுகிறேன். இரண்டு மணி நேரம். இந்த எண்ணை எழுதி போலீஸிடம் காட்டுங்கள். இரண்டாவது வழி திறக்கச் சொல்லி வாதாட இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

இன்னொன்று. வரைபடத்தில் கடலைச் சுவராக வரையுங்கள். கடற்கரை திறந்தவெளிதானே, ஓட இடமிருக்கிறது என்று தோன்றும். மூன்று பக்கம்தான் திறந்தவெளி. நான்காவது பக்கம் தள்ளினால் முழுகல்தான்.

3. ஒரு சதுர மீட்டர் பயிற்சி

கூட்டம் ஆபத்தாகிவிட்டதா என்று கண்ணால் அளக்கத் தெரிய வேண்டும். அதற்குப் பத்து நிமிடப் பயிற்சி. மணலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போட்டு, தொண்டர்களை ஒவ்வொருவராக உள்ளே நிற்க வையுங்கள்.

நான்கு பேர் வரை நின்ற இடத்தில் திரும்ப முடியும். ஐந்தில் தோள் உரசும். ஆறில் கையை மேலே தூக்கவே பிரயாசை, ஒருவர் அசைந்தால் ஆறு பேரும் அசைவார்கள். நடுவில் நின்ற பெண் ஒருத்தி ஒருமுறை "மூச்சு பத்தல, விடுங்க" என்றாள். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

நான்கைத் தாண்டினால் தகவல் சொல்ல வேண்டும், ஐந்து ஆனால் உள்ளே வருவதை நிறுத்த வேண்டும். ஆறு வரும்வரை காத்திருந்தால் நம் கையில் ஒன்றும் இருக்காது. 2022 அக்டோபரில் சியோலின் இதேவான் சந்தில் 159 பேர் இறந்தார்கள். நெரிசல் என்று போலீஸுக்கு முதல் அழைப்பு வந்தது அதற்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் முன்னால்.

4. வண்டிகளை நிறுத்தும் இடம்

2016 ஜூலை 14 அன்று பிரான்ஸின் நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் லாரியை விட்டார்கள். 86 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், தெருவை மறித்து நின்ற போலீஸ் காரை நடைபாதை வழியாகச் சுற்றிக்கொண்டு ஒருவன் வண்டியை உள்ளே விட்டான். 14 பேர் இறந்தார்கள்.

பேரிகேட் வைத்தாயிற்று என்று திருப்திப்படக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இரும்பு பேரிகேட் மனிதனை நிறுத்தும், லாரியை நிறுத்தாது. மணல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லரைக் குறுக்கே விடுங்கள். ஓரத்து நடைபாதை, வாய்க்கால் விளிம்பு, காலி மனை எல்லாவற்றிலும் இடைவெளி அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

டிரைவர் சாவியோடு வண்டியிலேயே இருக்க வேண்டும். இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். டீ குடிக்கப் போனவரைத் தேடிக்கொண்டிருந்தபோது ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

சாமி வரும் டிராக்டர், மினி லாரிகளின் பதிவெண்ணை ஒவ்வொரு கோயில் நிர்வாகத்திடமும் முன்கூட்டியே வாங்குங்கள். பட்டியலில் இல்லாத வண்டி, யார் பெயரைச் சொன்னாலும், வெளியே நிற்கட்டும். அலங்கார உயரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரலில் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தது தீவிரவாதம் அல்ல. ஆனால் அந்த வேலையும் இதே ஆட்கள் தலையில்தான்.

5. முந்தின இரவுத் தேடல்

ஜனம் வருவதற்கு முன் இடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு இரண்டு பேர் என்று தேடுங்கள். தரையிலிருந்து இடுப்பு வரை ஒரு சுற்று, இடுப்பிலிருந்து கண் வரை ஒரு சுற்று, கண்ணுக்கு மேலே ஒரு சுற்று. ஒரே சுற்றில் எல்லாவற்றையும் பார்க்கப் போனால் கண் நடுமட்டத்திலேயே நின்றுவிடும். மேடைக்கு அடியில், கரையேற்றிய படகுகளுக்குள், கழிப்பறைகளில், ஜெனரேட்டர் பின்னால், மின்பெட்டி ஓரம் எல்லாம் பாருங்கள்.

குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டு, வளையத்தில் மாட்டிய உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பை வையுங்கள். பலூன்காரரின் கேஸ் சிலிண்டர், பஜ்ஜி கடை சிலிண்டர் இரண்டையும் நடைவழியிலிருந்து ஒதுக்குங்கள்.

தேடி முடித்த இடத்தில் அந்த நிமிடத்திலிருந்து ஆள் நிற்க வேண்டும். பத்து மணிக்குத் தேடிவிட்டு எல்லாரும் தூங்கப் போய், நான்கு மணிக்குத் திரும்பி வந்தால் அந்தத் தேடலுக்கு மதிப்பில்லை.

6. பை, குடம், டப்பா

ஆளில்லாத பை என்றாலே சந்தேகம் என்பது ஏர்போர்ட் விதி. மாசி மகத்தில் அது வேலைக்காகாது. குளிக்கப் போகிற குடும்பம் ஒவ்வொன்றும் துணி மூட்டையைக் கரையில் போட்டுவிட்டுத்தான் போகும். காலை ஏழு மணிக்கு எண்ணிப் பார்த்தால் ஆளில்லாத பை நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றுக்கும் விசில் ஊதினால் எட்டு மணிக்கு விசிலுக்கு மரியாதை போய்விடும்.

நாங்கள் செய்வது இதுதான். மணலுக்கு வரும் வழியிலேயே இலவச டோக்கன் பந்தல் ஒன்று. அதில் வைக்க விரும்பாதவர்களிடம், "ஒருத்தர் பை பக்கத்துல இருங்க, மாத்தி மாத்திக் குளிங்க" என்று மைக்கில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்கிறோம். திருட்டுப் பயத்தைச் சொன்னால் உடனே கேட்கிறார்கள். குண்டு பயத்தைச் சொல்லத் தேவையே இல்லை.

மீதி இருக்கும் பைகளுக்கு மூன்று கேள்வி. யாரும் பார்க்கக் கூடாது என்று ஒளித்து வைத்த மாதிரி இருக்கிறதா? ஒயர், பேட்டரி, கசிவு, வினோத வாடை என்று பார்த்த மாத்திரத்தில் உறுத்துகிறதா? இந்த இடத்தில் இருக்க நியாயமில்லாத பொருளா? ஈரத் துண்டு தொங்கும் கட்டைப் பை கரையில் கிடந்தால் நியாயம். அதே பை மின்பெட்டிக்குப் பின்னால் சொருகியிருந்தால் நியாயமில்லை. முதலில் பக்கத்தில் இருப்பவர்களிடம் "இது யாருதுங்க?" என்று கேளுங்கள். முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும்.

7. ஆட்களைப் பார்க்கும் விதம்

தாடி, தொப்பி, உடை, பாஷை இவற்றை வைத்து யாரையும் மடக்காதீர்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் மாசி மகத்துக்குக் கிள்ளைக்கு வரும்போது தர்காவில் முஸ்லிம்கள் வரவேற்கிற மாவட்டம் இது. மானக்கேடு என்பது ஒருபக்கம் இருக்கட்டும். தோற்றத்தைப் பார்க்கிற கண் நடத்தையைத் தவறவிடும். ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தியைக் கொல்ல வந்தவள் கையில் மாலையோடு, வரவேற்க நின்றவர்களோடுதான் நின்றாள்.

நடத்தை என்றால்: எல்லாரும் சாமியைப் படம் எடுக்கும்போது கேமராக் கம்பத்தையும் போலீஸ் நிற்கும் இடத்தையும் படம் எடுப்பது, திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்து நிற்பது, வெயில் நேரத்தில் பொருந்தாத கனத்த உடை, தொண்டரைக் கண்டதும் பாதை மாறுவது. ஒன்று மட்டும் இருந்தால் அர்த்தமில்லை. இரண்டு மூன்று சேர்ந்தால் கவனியுங்கள்.

கிட்டே போய்ச் சிரித்த முகத்தோடு, "யாரையாவது தேடறீங்களா? உதவட்டுமா?" என்று கேளுங்கள். வழி தெரியாதவர் சந்தோஷப்படுவார். வேறு எண்ணத்தோடு வந்தவருக்கு, நம்மைப் பார்த்துவிட்டார்கள் என்பது புரியும். பதில் சரியில்லை என்றால் தொடர்ந்து வாக்குவாதம் வேண்டாம். விலகி வந்து போலீஸிடம் சொல்லுங்கள்.

கடல் பக்கத்துக்கு மீனவர்களை விட்டால் ஆளில்லை. எந்தப் படகு யாருடையது என்று தூரத்திலேயே சொல்லிவிடுவார்கள். கடலோரப் பாதுகாப்புக்கான சாகர் கவச் ஒத்திகையில் போலீஸாரே மாறுவேடத்தில் படகில் வந்து ஊடுருவப் பார்ப்பதுண்டு. தெரியாத படகு வந்தால் சொல்ல வேண்டும் என்பது இந்தக் குப்பங்களுக்குப் புதிதல்ல. கயிறு, டியூபோடு நிற்கும் படகுகளின் பொறுப்பாளரும் உங்கள் தகவல் வரிசையில் இருக்கட்டும்.

8. தகவல் போகும் பாதை

2017 மே 22, மான்செஸ்டர் இசை அரங்கு. முதுகுப்பையோடு காத்திருந்த ஆளைப் பார்வையாளர் ஒருவர் சந்தேகப்பட்டு ஊழியரிடம் சொன்னார். காவலாளி ஒருவர் வாக்கி டாக்கியில் சொல்ல முயன்றார், லைன் கிடைக்கவில்லை. 22 பேர் இறந்தார்கள். பார்க்கவும் செய்தார்கள், சொல்லவும் பார்த்தார்கள். பாதைதான் அடைத்திருந்தது.

கூட்டம் ஏற ஏற செல்போன் சிக்னல் படுத்துவிடும். அதனால் நாங்கள் மூன்று வழி வைக்கிறோம்: போலீஸ் தரப்பில் வாக்கி டாக்கி, நம்மிடம் போன், இரண்டும் போனால் ஓட்டக்காரர். ஓட்டக்காரர் என்பது வேடிக்கை இல்லை, பிளஸ் டூ பையன்கள் நான்கு பேர் போதும். கண்ட்ரோல் பந்தலுக்கு இரண்டு நிமிடத்தில் வந்து சேருவார்கள்.

இடம் சொல்வதில் கோட்டை விடுவார்கள். "ஐஸ் வண்டிகிட்ட" என்பான். ஐஸ் வண்டி இருபது நிற்கும். விளக்குக் கம்பங்களுக்கெல்லாம் பெரிய எண் எழுதி ஒட்டுங்கள். "14ஆம் கம்பம், கடல் பக்கம், நீலப் பை" என்று மூன்று துண்டாகச் சொல்லப் பழக்குங்கள்.

9. சந்தேகப் பொருள் உறுதியானால்

தொடாதே. நகர்த்தாதே. திறக்காதே. தண்ணீர் ஊற்றாதே. (ஊற்றியவர் உண்டு.) 15 மீட்டருக்குள் போன், வாக்கி டாக்கி எதுவும் பேசாதே. விலகி நடந்துபோய்ப் பேசு.

தூரம்: கைப்பை அளவுக்கு 100 மீட்டர், காருக்கு 200, லாரிக்கு 400. கடற்கரையில் மறைவு இல்லை. ஆகவே கட்டடத்துக்குப் பின்னால் அனுப்புங்கள், கண்ணாடிக் கதவுகளுக்கு எதிரே நிறுத்தாதீர்கள்.

இனி வரிசை. முதலில் சாலையில் உள்ளே வருகிற கூட்டத்தை நிறுத்துங்கள். அடுத்து வெளி விளிம்பில் இருப்பவர்களை வடக்கும் தெற்குமாக நகர்த்துங்கள். அதன்பிறகு பொருளுக்கு அருகில் இருப்பவர்கள் நடக்க வழி கிடைக்கும். இதைத் தலைகீழாகச் செய்வது இயல்பான அவசரம். பொருளின் பக்கத்தில் நிற்பவர்களை முதலில் துரத்தினால், அசையாமல் நிற்கிற வெளிவட்டத்தில் மோதி நடுவில் நசுங்குவார்கள். வெளிவட்டம் அசையத் தொடங்க ஒரு நிமிடம் போதும், ஆனால் அந்த ஒரு நிமிடம் முன்னால் வர வேண்டும்.

எல்லாரையும் ஒரே இடத்தில் சேர்க்காதீர்கள். 2002இல் பாலியில் முதல் குண்டு மதுக்கூடத்துக்குள்ளே வெடித்து ஜனம் தெருவுக்கு ஓடிவந்தபோது, வெளியே நின்ற வேன் வெடித்தது. 202 பேர் இறந்தார்கள். போய்ச் சேரும் இடங்களையும் முந்தின இரவே தேடியிருக்க வேண்டும்.

இப்படிச் செய்து என்ன பலன் என்று கேட்கிறவர்களுக்கு 1996 அட்லாண்டா. ஒலிம்பிக் பூங்காவில் பெஞ்சுக்கு அடியில் கிடந்த பையைக் காவலாளி ஒருவர் கண்டு போலீஸிடம் சொல்லி, ஜனத்தை விலக்கிக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. நூறு பேருக்கு மேல் காயம், குண்டுக்குப் பலியானது ஒருவர். பையைத் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்கு வந்திருந்தால் கதை வேறு.

10. மைக்கில் என்ன சொல்வது

முன்பே எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு மைக் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அந்த நேரத்தில் சொந்தமாகப் பேச வராது. குரல் பதறினால் வார்த்தை எதுவாக இருந்தாலும் ஜனம் ஓடும்.

எங்கள் வாசகம்: "பக்தர்களுக்கு அன்பான அறிவிப்பு. 10ஆம் கம்பத்திலிருந்து 18ஆம் கம்பம் வரை இருப்பவர்கள் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்குப் பக்கமாக மெதுவாக நடக்கவும். மஞ்சள் சட்டைத் தொண்டர்கள் வழி காட்டுவார்கள். கடல் பக்கம் போக வேண்டாம்." குண்டு, ஓடுங்கள், ஆபத்து என்ற மூன்று சொல்லும் இதில் இல்லை. எங்கே போகக் கூடாது என்பது கடைசியில்தான் வருகிறது, ஏனென்றால் எங்கே போக வேண்டும் என்பது முதலில் காதில் விழ வேண்டும்.

தொண்டர்களுக்கு மட்டும் புரிகிற சங்கேதம் ஒன்று வேண்டும். எங்களுக்கு, "பண்ருட்டி பலாப்பழக் கடை உரிமையாளர் பந்தலுக்கு வரவும்". மாசியில் எங்கே பலாப்பழம் என்று ஒரு பெரியவர் கேட்டார், அதனால் அடுத்த ஆண்டு மாற்றினோம்.

மேளம், பாட்டு, வேட்டு எல்லாவற்றையும் அறிவிப்புக்கு முன் நிறுத்தச் சொல்ல ஓர் ஆளை நியமியுங்கள். மைக் ஆபரேட்டரே அந்த ஆள் என்று நினைக்காதீர்கள்.

11. காயம்பட்டவர்கள்

108 வரும்வரை ரத்தத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை. சுத்தமான வேட்டித் துணியை மடித்துக் காயத்தின்மேல் இரண்டு கையாலும் அழுத்தி, கையை எடுக்காமல் இருங்கள். நனைந்தால் மேலேயே இன்னொரு துணி. பார்க்கலாம் என்று எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கமான தப்பு. ஆம்புலன்ஸ் தடத்தில் ஒரு பைக் கூட நிற்கக் கூடாது, போலீஸ் பைக் உட்பட.

12. சாமி கடலில் இறங்கும்போது, திரும்பும்போது

தீர்த்தவாரி நேரத்தில் தொண்டன் சாமிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். முதல் வருடம் இது யாராலும் முடியாது. கொட்டுச் சத்தம் ஏறும், சங்கு ஊதுவார்கள், தலை தானாகத் திரும்பும். நாற்பது பேரும் சேர்ந்து திரும்பிவிட்டால் அந்த ஐந்து நிமிடம் கூட்டத்தைப் பார்க்க ஆளே இல்லை. வீட்டுக்குப் போனபிறகு செல்போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி நிறுத்துகிறோம். பக்தி அதிகமுள்ளவர்களை அந்த நேரத்தில் டோக்கன் பந்தலுக்கு மாற்றிவிடுவது நல்லது, எனக்கு அதில் கூச்சமில்லை.

சாமி திரும்பியதும் வேலை முடிந்தது என்று சட்டையைக் கழற்றாதீர்கள். மான்செஸ்டரில் வெடித்தது நிகழ்ச்சி முடிந்து ஜனம் வெளியே வரும் நேரத்தில், சோதனை வாசலுக்கு வெளியே. கூட்டம் ஒரே திசையில் நெருக்கமாக நடப்பதும், காவல் தளர்வதும் ஒரே சமயத்தில் நடக்கிறது. பாதிப் பேரை அந்த நேரத்துக்கென்றே காலையில் ஓய்வில் வையுங்கள், சாப்பாடும் அவர்களுக்கு முதலில்.

கடைசியாக டோக்கன் பந்தல். மதியம் ஒரு மணிக்கு மீந்த பொருள்களை எழுதி, எண் போட்டு, போலீஸ் முன்னிலையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அன்று வந்த தகவல்களை நேரம், கம்ப எண், யார் சொன்னது, என்ன செய்தோம் என்று அதே நாளில் நோட்டில் ஏற்றிவிடுங்கள். மறுநாள் கேட்டால் பாதி மறந்திருப்பார்கள், மீதியைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள்.